சிவக்காத சொட்டு

பதினாறு வருடமாக ரத்தம் பார்க்கிறேன். நாசரேத்தில் பள்ளிக்கூடம், திருநெல்வேலியில் இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு, அதன் பிறகு தூத்துக்குடியில் ஒரு நடுத்தர ஆஸ்பத்திரியின் தரைத்தள லேப். கல்யாண வீடுகளில் யாராவது, "நீ நர்ஸாம்மா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். "அப்ப டாக்டருக்குப் படிச்சிருக்கியோ?" அதுவும் இல்லை என்றதும் பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விடும்.

வார்டில் படுத்திருப்பவர்களை நான் பார்ப்பது அபூர்வம். நர்ஸ்கள் ரத்தம் எடுத்துக் குழாயில் விட்டு, படுக்கை எண்ணை ஒட்டிக் கீழே அனுப்புவார்கள். காலையில் நான் உள்ளே நுழையும்போதே ஸ்டாண்டில் முப்பது நாற்பது குழாய்கள் நிற்கும். ஊதா மூடிக் குழாய் அணுக்களை எண்ணுவதற்கு. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தத்தை உறைய விட்டு, மெஷினில் சுற்றினால் மேலே நீர் தெளியும். அதை எடுத்துத்தான் கிட்னி, கல்லீரல் எல்லாம் பார்ப்போம். அந்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். பெயரைக்கூடப் படிக்காமல் எண்ணைப் பார்த்தே வேலை முடிகிற நாட்கள் உண்டு. அப்படி வெறும் எண்ணாக என்னிடம் வந்த ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வமாக இருக்கும். அதை மறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அவர் சங்கு குளிப்பவர். இந்தக் கரையில் முத்துக் குளிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டாலும் சங்கு குளிப்பு இன்னும் நடக்கிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிவிடும், அடியில் கை வைத்தால் கை தெரியாது. அப்போது குளிகாரர்கள் கிடைத்த கூலி வேலைக்குப் போவார்கள். அந்த வருடம் இவர் ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் தன் நண்பரிடம் போனார். கொடிக்காலில் வேர் அழுகாமல் இருக்க மயில் துத்தத்தைத் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்புத் தண்ணீரோடு கலந்து ஊற்றுவார்கள். காப்பர் சல்ஃபேட் என்பதும் அதுதான், மயில் கழுத்து நிறத்தில் இருக்கிற உப்பு. முந்தின நாள் கரைத்ததில் மிஞ்சியதை யாரோ ஒரு பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றிக் கொட்டகை மூலையில் வைத்திருந்தார்கள்.

பாட்டிலின் நிறம் கரும்பச்சை. உள்ளே இருந்த நீலம் வெளியே தெரியவில்லை. பதினொரு மணி வெயிலில் தண்ணீர் பாயக் கிடங்கு வெட்டிவிட்டு வந்தவர், அண்ணாந்து இரண்டு மடக்கு குடித்துவிட்டார். மூன்றாவது மடக்கு வாயில் இருக்கும்போதுதான் செப்புக் காசை நாக்கில் வைத்தது போல ஒரு ருசி தெரிந்து துப்பியிருக்கிறார். நெஞ்சுக்குழியில் தீ வைத்தது போல எரிந்ததாம். கால் மணி நேரத்துக்குள் வாந்தி. வாந்தியும் பச்சை கலந்த நீலம்.

கொடிக்கால்காரர் பதறிப்போய் ஒரு செம்பில் உப்புத்தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்திருக்கிறார், இன்னும் வாந்தி எடுக்க வைக்கலாம் என்று. இவர் கையால் தட்டிவிட்டார். அதுவே அவர் செய்த நல்ல காரியம் என்று பிறகு டாக்டர் சொன்னார். துத்தம் உள்ளே போகும்போதே தொண்டையையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும், வற்புறுத்தி வெளியே எடுத்தால் அதே வழியில் இரண்டாவது முறையும் சுட்டுக்கொண்டு வரும்.

லோடு ஆட்டோவில் ஏற்றும்போதே கொடிக்கால்காரர் குளிகாரருடைய மனைவிக்குப் போன் செய்தார். அந்தப் பெண்மணி மீன் ஏலக்கூடத்தில் வேலை பார்ப்பவர். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் போனில் சொன்னதைக் கொடிக்கால்காரர் ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"அண்ணாச்சி, எதைக் குடிச்சாவன்னு தெரியாம அங்கன போயி என்ன சொல்லுவிய? அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கிட்டு வாங்க. மூடியை நல்லாத் திருகி, கொட்டாமப் பிடிச்சிக்கிடுங்க."

பாட்டில் வந்தது. ஆட்டோ வந்து சேரும் முன்பே குளிகாரருடைய மனைவி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். விஷம் என்றால் போலீஸுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும், அதனால் ஒரு ஏட்டும் வந்தார். வீட்டில் ஏதும் சண்டையா என்று கேட்டார்.

"சண்டை இல்லாத வீடு எங்க இருக்கு சார்? அதுக்கு இப்படிச் செய்ய மாட்டாவ. தாகத்துக்குக் குடிச்சிருக்காவ. நீங்களே பாருங்க, வெளிய இருந்து பாத்தா உங்களுக்கு என்ன தெரியுது?" என்று மனைவி பாட்டிலை ஏட்டின் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஏட்டு பாட்டிலைப் பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதிக்கொண்டு போனார்.

இதெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு வந்தது ஒரு ஊதாக் குழாய், ஒரு சிவப்புக் குழாய், 'விஷம்' என்று மட்டும் எழுதிய ஒரு சீட்டு. எல்லாம் சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் பதினாலுக்கு மேல். நல்ல உடம்பு என்று நினைத்துக்கொண்டு அடுத்த குழாயை எடுத்தேன். மேலே அவருக்கு சலைன் ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுப் புண் ஆற மருந்து கொடுத்து, ஐ.சி.யூ.வில் வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை வந்த குழாய்களில் ஒன்று, சுற்றி எடுத்தபோது, மேலே தெளிந்த நீர் ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. எங்கள் வேலையில் இது வாரம் நான்கு முறை நடப்பது. ஊசியை அவசரமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து அவற்றின் சிவப்பு நீரில் இறங்கிவிடும். அந்த சாம்பிளை வைத்துப் பார்த்தால் ரிசல்ட் பொய்யாக வரும். நான் படிவத்தில் வழக்கமாக எழுதும் வரியை எழுதினேன்: 'ஹீமோலைஸ்டு சாம்பிள், மறுபடி எடுத்து அனுப்பவும்.' எழுதியதோடு நிற்காமல், ஐ.சி.யூ.வுக்குப் போன் செய்து, "சிஸ்டர், கொஞ்சம் மெதுவா எடுக்கக் கூடாதா?" என்றும் கேட்டேன். என் குரல் அப்போது நன்றாக இருந்திருக்காது.

அரை மணி நேரத்தில் அந்த நர்ஸ் தானே குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பெண். மணப்பாட்டுக்காரி. முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க என் முன்னாடியே இதைச் சுத்துங்க. நான் பாக்கணும்."

"எதுக்கு சிஸ்டர் இப்ப கோபம்?"

"கோபம் இல்லக்கா. அந்த ஆளுக்கு நரம்பு கயிறு மாதிரி இருக்கு. ஒரே குத்து. மெதுவாத்தான் இழுத்தேன். ரெண்டாவது தடவை அந்தக் கைய விட்டுட்டு இந்தக் கையில எடுத்தேன். குழாயைக் குழந்தை மாதிரி பிடிச்சிக்கிட்டு வாரேன். இதுவும் சிவப்பா வந்தா, தப்பு என் கையில இல்ல."

ரத்தத்தை உறைய விட்டு, அவள் முன்னாலேயே மெஷினில் சுற்றினேன். மூடியைத் திறந்து குழாயை வெளியே எடுத்தேன். முதல் குழாயைவிட இது இன்னும் அடர்த்தி. ரோஜா நிறம் போய், நாவல்பழச் சாறு மாதிரி இருந்தது.

எத்தனையோ வருடமாக நான் 'சாம்பிள் கெட்டுவிட்டது' என்று எழுதுகிறேன். கெட்டது சாம்பிள்தானா என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக எனக்குள் ஒரு கேள்வி வந்தது. இவள் கை நல்ல கை. அணுக்கள் குழாய்க்கு வந்த பிறகு உடையவில்லை என்றால், அந்த ஆளுக்குள்ளேயே உடைந்துகொண்டிருக்கின்றன.

"இவரு எதுக்கு சிஸ்டர் அட்மிட் ஆகியிருக்காரு?"

"துத்தத் தண்ணி குடிச்சவருக்கா. நேத்து வந்தாரே. ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. காலையில இருந்து உதடெல்லாம் நீலமா இருக்கு. ஆக்சிஜன் வச்சும் மெஷின்ல எண்பத்தஞ்சுக்கு மேல ஏறல. ஒண்ணு சொல்லட்டா, சிரிஞ்சுக்குள்ள ரத்தம் வரும்போதே ஒரு மாதிரி இருந்துச்சு. சாக்லேட் கலர்ல."

படிக்கிற காலத்தில் எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. தேர்வுக்கு மட்டும் படித்து மறந்த பாடம். சில விஷங்கள் ரத்தத்தின் சிவப்பை மாற்றிவிடும். மாறிய ரத்தம் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளாது. கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டியதில்லை. ஒரு வடிகட்டும் தாள் போதும். சாதாரண ரத்தம் கருஞ்சிவப்பாக இருந்தாலும் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காற்றுப் பட வைத்தால் பளிச்சென்று சிவக்கும். மாறிப்போன ரத்தம் எவ்வளவு நேரமானாலும் பழுப்பாகவே நிற்கும்.

நான் ஒரு தாளை எடுத்து வைத்தேன். ஊதாக் குழாயிலிருந்து அவருடைய ரத்தம் ஒரு சொட்டு. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே. நர்ஸ் தன் கையை நீட்டினாள். அவள் நரம்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, பக்கத்தில் ஒரு சொட்டு விட்டேன். ஃபேனுக்கு அடியில் வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடத்தில் அவளுடைய சொட்டு மருதாணி போலச் சிவந்தது. அவருடையது சிவக்கவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். காபிக் கறை போல அப்படியே கிடந்தது.

"போலாம்," என்றேன். லேபை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தாளைக் கண்ணாடித் தட்டில் வைத்து மூடி, படியேறி ஓடினேன். யாரும் கூப்பிடாமல் ஐ.சி.யூ.வுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஒரு அம்மா. அதிகம் பேசாதவர். அவர் கையில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருந்தது. தமனி ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அளவு. அது நன்றாகவே இருந்தது. விரலில் மாட்டிய கருவி மட்டும் எண்பத்தைந்தில் நின்றது. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவரும் அதே விஷயத்தைத்தான் யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் தட்டைத் திறந்து நீட்டினேன்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"பதிமூணு நிமிஷம் மேடம்."

"இது யாரு ரத்தம், பக்கத்துல?"

"சிஸ்டரோடது."

அவர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் சந்தேகப்பட்டேன். நீ கையில குடுத்துட்ட," என்றார். பிறகு ஒரே மூச்சில் பத்து வேலை சொன்னார்.

அப்போதுதான் அந்த மனிதரைப் பார்த்தேன். அகலமான நெஞ்சு, உப்புக் காற்றில் பழுத்த தோல், உதடும் நகமும் ஊதா நிறம். அந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் மூச்சுக்குத் தவித்துக் கையைக் காலை உதறியிருப்பார்கள். இவர் அசையாமல், ஒவ்வொரு மூச்சாக எண்ணிக்கொண்டு படுத்திருந்தார். டாக்டர் குனிந்து எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கரையில இருந்துக்கிட்டே அடியில இருக்குத மாதிரி இருக்கு மேடம்," என்றார். "பரவாயில்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்."

மாறிப்போன ரத்தத்தைத் திருப்ப மெத்திலீன் புளூ என்று ஒரு மருந்து இருக்கிறது. அதே பெயரில் என் மேஜையில் ஒரு சாயப் பாட்டில் உண்டு, கண்ணாடித் துண்டில் கிருமிகளுக்கு நிறம் ஏற்றுவோம். ஆளுக்குப் போடுகிற மருந்து வேறு, சுத்தம் செய்து ஊசிக்கென்று தயாரித்தது. அது ஆபரேஷன் தியேட்டரில் இருந்தது. ஆனால் சிலருடைய ரத்தத்தில் பிறவியிலேயே ஜி6பிடி என்ற ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த மருந்தைப் போட்டால் மிச்சமிருக்கும் அணுக்களும் உடையும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நான். பிறந்த குழந்தைகளுக்குப் பார்ப்பதற்காக லேபில் ஒரு கிட் வைத்திருந்தோம். அதை வைத்துச் செய்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் நான் வேறு எந்தக் குழாயையும் தொடவில்லை. குறைபாடு இல்லை என்று போன் செய்தபோது எதிர்முனையில் டாக்டர், "சரி," என்று மட்டும் சொன்னார்.

நீல மருந்தை மெதுவாக நரம்பில் ஏற்றினார்கள். முதலில் கருவி எழுபதுக்கு இறங்கி எல்லாரையும் பயமுறுத்தியதாம். மருந்தின் நிறமே கருவியை ஏமாற்றும் என்று டாக்டர் முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்ததால் நர்ஸ் நகராமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எண்பத்தெட்டு, தொண்ணூற்று ஒன்று, தொண்ணூற்று ஐந்து. அவள் போன் செய்து ஒவ்வொரு எண்ணாக எனக்குச் சொன்னாள். லேபில் இருந்த மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அதோடு முடிந்துவிடவில்லை. செம்பு உள்ளே இருந்துகொண்டே அணுக்களை உடைத்தது. பதினாலாக இருந்த ஹீமோகுளோபின் அன்று மாலை ஒன்பது, மறுநாள் ஏழு. கண் மஞ்சளானது. சிறுநீர் முதலில் பால் ஊற்றாத கட்டங்காபி மாதிரி வந்தது, பிறகு அளவு குறைந்து கிட்டத்தட்ட நின்றேவிட்டது. உடைந்த அணுக்களின் சிவப்பு கிட்னியின் சல்லடையை அடைத்துக்கொள்ளும், அதோடு செம்பும் கிட்னியை நேராகத் தாக்கும் என்று டாக்டர் அவருடைய மனைவிக்கு விளக்கினார்.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் மனைவி ஒரே ஒரு போன் செய்தார். ஒரு மணி நேரத்தில் ஒன்பது சங்குக் குளிகாரர்கள் மோட்டார் சைக்கிள்களில் வந்து லேப் வாசலில் நின்றார்கள். எல்லாருக்கும் அதே அகல நெஞ்சு. ஒருவர் தன் முறை வரும் முன்பே சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "தங்கச்சி, ரெண்டு பாட்டில் எடுத்துக்கோ. கச்சான் அடங்குத வரைக்கும் எனக்கு எதுக்கு இம்புட்டு ரத்தம்?" என்றார். ஒன்றுதான் எடுக்க முடியும் என்று சொன்னதும் அவருக்கு வருத்தம். ஒன்பது பேரில் நாலு பேருடைய ரத்தம் அவர் வகை. மற்றவர்களும் சும்மா திரும்பவில்லை, வேறு யாருக்காவது ஆகட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஏற்றும் முன் இரண்டு ரத்தமும் சேருமா என்று பார்க்க வேண்டும். சேராவிட்டால் அணுக்கள் உடையும், நீர் சிவக்கும். இவருடைய நீர் ஏற்கெனவே சிவந்து கிடக்கிறது. எது பழைய சிவப்பு, எது புதிய சிவப்பு? நான் ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தேன். மைக்ராஸ்கோப்பில் கண் எரிய எரியப் பார்த்தேன். என் தோள்பட்டை இறுகிக் கல் மாதிரி ஆகிவிட்டது. நான்கு பையிலும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நான்கும் சிக்கலில்லாமல் ஏறின.

செம்பைப் பிடித்து இழுத்து வெளியேற்றும் மருந்துகளில் பெனிசிலமைன் மாத்திரை ஊரிலேயே கிடைத்தது. இன்னொன்று எண்ணெயில் கரைத்த ஊசி, அது மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது. அந்த ஊசி இடுப்பில் ஆழமாகப் போட வேண்டியது, வலி அதிகம். அவர் ஒரு முறைகூட முனகவில்லை என்று நர்ஸ் சொன்னாள். மூன்றாம் நாள் டயாலிசிஸ் தொடங்கினார்கள்.

"இந்த மெஷின் செம்பை எடுத்துருமா மேடம்?" என்று மனைவி கேட்டார்.

"செம்பை அது பெருசா எடுக்காதும்மா. கிட்னி மயங்கிக் கிடக்கு. அது முழிக்கிற வரைக்கும் அதோட வேலைய மெஷின் பாக்கும்."

"முழிக்குமா?"

"பெரும்பாலும் முழிக்கும். எப்பன்னு சொல்ல முடியாது."

அந்த அம்மா உடனே கீழே கடைக்குப் போனார். ஒரு நோட்டு வாங்கி, கணவர் குடித்த தண்ணீரையும் வெளியே வந்த சிறுநீரையும் தினமும் மில்லி கணக்கில் எழுத ஆரம்பித்தார். ஐ.சி.யூ. சார்ட்டில் ஒரு நாள் ஐம்பது மில்லி விட்டுப் போயிருந்ததை அந்த நோட்டைக் காட்டித் திருத்தினார். நர்ஸ்களுக்கு அவரிடம் ஒரு பயமே வந்துவிட்டது.

கிட்னி விழிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. இந்த நாட்களில் காலையில் நான் வந்ததும் முதலில் தேடுகிற குழாய் அவருடையதுதான். நீரின் நிறம் நாவல்பழத்திலிருந்து ரோஜாவுக்கு வந்தது, ரோஜாவிலிருந்து மஞ்சள் காமாலையின் கடும் மஞ்சளுக்கு வந்தது, பிறகு அதுவும் வெளுத்துக்கொண்டே போனது. ஒரு திங்கட்கிழமை சிறுநீர் முந்நூறு மில்லி. புதன்கிழமை ஒரு லிட்டர். அந்த அம்மா நோட்டைத் தூக்கிக்கொண்டு லேப் ஜன்னலுக்கே வந்து காட்டினார். சிறுநீர் அளவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட இரண்டு பெண்களை அந்த வராந்தா முன்பு கண்டிருக்காது.

இதற்கு நடுவில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவள் டிபன் பாக்ஸிலிருந்து பொரித்த சாளை மீன் ஒன்றை என் தட்டில் வைத்தாள்.

"விடுங்கக்கா. நீங்க ரெண்டாவது தடவையும் திருப்பி அனுப்பியிருந்தா, நான் அந்தக் குழாயைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"எறிஞ்சிருந்தா?"

"மூணாவதா எடுத்துக்கிட்டு வந்திருப்பேன்," என்றாள்.

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். வீட்டில் நான் வேலை விஷயம் அதிகம் பேசுவதில்லை. இதை மட்டும் சொன்னேன், தாளில் சொட்டு விட்டதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டே சாப்பிட்டவர் கை காய்ந்து போகும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் துறைமுக வாசல் கேட்டில் லைன் கட்டி நின்ற டிரைவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். "ஏளா, நம்ம பயலுவ எல்லாம் ரத்தம் சிவப்பா கறுப்பான்னு உன்கிட்ட வந்து பாக்கணும்னு சொல்லுதானுவ," என்று வந்து சொன்னார். கேலி மாதிரிதான் சொன்னார். என் அத்தை அன்று மாலை பக்கத்து வீட்டில் இதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அவர் சொன்ன கதையில் டாக்டரே இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன்.

குளிகாரர் தேறி வீட்டுக்குப் போன பிறகு, ஊர் டாக்டர்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசும் கூட்டத்தில் எங்கள் டாக்டரம்மா இந்த நோயாளியைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. பேச வேண்டிய நாளுக்கு முந்தின வாரம் என்னையும் நர்ஸையும் கூப்பிட்டார். "உங்க பகுதிய நீங்களே சொல்லுங்க. எனக்கு அது படியேறி வந்த கதைதான். நீங்கதான் கீழ இருந்தீங்க," என்றார்.

ஒரு ஓட்டல் ஹால். அறுபது டாக்டர்கள் இருப்பார்கள். நான் கட்டியிருந்தது என் தங்கை கல்யாணத்துக்கு எடுத்த பட்டு. நர்ஸ் முதலில் பேசினாள், நரம்பு கயிறு மாதிரி இருந்தது என்பதைச் சொல்லும்போது எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது நான். தாளை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அது திரையில் ஒரு கதவு அகலத்துக்கு வந்தது. ஒரு சிவப்பு, ஒரு பழுப்பு. ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்லி முடித்தேன்.

பின்வரிசையில் ஒரு வயதான டாக்டர் கையைத் தூக்கினார். "ஹீமோலைஸ்டு சாம்பிள்னா லேப்ல திருப்பி அனுப்பிருவாங்களே. நீங்க ஏன் அனுப்பல?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "முதல் சாம்பிளை அனுப்பிட்டேன் சார். சிஸ்டரைத் திட்டவும் செஞ்சேன். அவங்க சண்டைக்கு வந்ததாலதான் ரெண்டாவதை உத்துப் பார்த்தேன்," என்றேன்.  அந்த டாக்டர் கை தட்டினார், பிறகு எல்லாரும் தட்டினார்கள். நர்ஸ் என் விரல்களை நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது எங்கள் லேபில் ஒரு பழக்கம் இருக்கிறது. அணு உடைந்த சாம்பிள் வந்தால், திருப்பி அனுப்பும் முன் வார்டுக்குப் போன் செய்து, ஆளுக்கு என்ன என்று கேட்க வேண்டும். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அது ஊசியின் தவறாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்கிறோம்.

மூன்று மாதம் கழித்து குளிகாரரும் மனைவியும் பரிசோதனைக்கு வந்தார்கள். சங்கு சீசன் தொடங்க இருந்தது. கிட்னி டாக்டர் இன்னும் இரண்டு மாதம் கடலுக்குள் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் முகவாட்டம். அன்று நானே அவருக்கு ரத்தம் எடுத்தேன். நர்ஸ் சொன்னது சரி, கயிறு மாதிரிதான் இருந்தது நரம்பு.

கிரியாட்டினின் சாதாரண அளவுக்கு வந்திருந்தது. ஹீமோகுளோபின் பதிமூன்றரை. அந்த அம்மா ரிப்போர்ட்டை வரி வரியாக என்னைப் படிக்கச் சொல்லித் தன் நோட்டில் ஏற்றிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, தயங்கிக் கேட்டார்.

"இதை எல்லாம் எதுல பாக்கிய? நான் ஒரு தடவை பாக்கலாமா?"

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது. விட்டேன். கணவருடைய ரத்தத்தில் கண்ணாடித் துண்டில் ஒரு பூச்சு எடுத்துச் சாயமேற்றி வைத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தேன். அந்த அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வட்டம் வட்டமா கிடக்குதே, அதுவா?"

"அதுதான். சிவப்பணு. நீங்க மூச்சு இழுத்தா, காத்தை இதுதான் ஏத்திக்கிட்டுப் போகும்."

"அன்னைக்கு ஒடைஞ்சது இதுதானா?"

"இதுதான். இப்ப நீங்க பாக்கது எல்லாம் புதுசு."

அவர் கண்ணை எடுக்காமல், "நல்லா முழுசா இருக்கு," என்றார். கணவர் வாசலில் நின்றபடி தனக்கும் காட்டச் சொன்னார். உயரமானவர், குனிந்து பார்க்கச் சிரமப்பட்டார். பார்த்துவிட்டு, "தெளிஞ்ச தண்ணியில சங்கு கிடக்குத மாதிரி நெருக்கமா கிடக்கு," என்றார்.

மேலேயிருந்து நர்ஸும் வந்துவிட்டாள். நாலு பேரும் வாசல் வரை நடந்தோம். இங்கே வரை வந்ததற்குப் பொரித்த பரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதை மனைவி நினைவூட்டினார். "பரோட்டாவுல உப்பு இருக்காது, சால்னாவுலதான் இருக்கும். நான் சால்னா ஊத்த மாட்டேன்," என்று அவர் வாதாடிக்கொண்டே ரோட்டைக் கடந்தார். அந்த அம்மா ஒரு லாரியைக் கை காட்டி நிறுத்திவிட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்.